எக்ஸ்பிரஸ் பேசுறேன்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திக்கிப் பேசுகிறவர்கள் எல்லாம் வாயில்லாப் பூச்சிகள் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. வாய்தான் திக்குமே தவிர, உள்ளே ஓடுகிற வசவு திக்குவதே இல்லை. அது பாட்டுக்குக் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

என் பெயர் டோரிஸ். எழுதும்போது எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள்! வாயால் சொல்லச் சொன்னால் 'டோ'விலேயே நின்றுவிடும். மற்ற வார்த்தைகளாவது முட்டி மோதி எப்படியோ வெளியே வரும். கஷ்டமான வார்த்தைக்குப் பதிலாக வேறு ஒன்றைப் போட்டும் தப்பித்துக்கொள்வேன். சொந்தப் பெயருக்குப் பதிலாக எதைப் போடுவது?

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு சாந்தமேரியுடையது. இருவரின் அப்பாவும் ரயில்வே. ஒன்றாம் வகுப்பு முதல் நாள் டீச்சர் பெயர் கேட்டபோது நான் "டோ... டோ..." என்று நின்றேன். வகுப்பே சிரித்தது. சாந்தமேரி எழுந்து, "டோரிஸ், டீச்சர். எங்க பக்கத்து வூடு" என்றாள். அன்றிலிருந்து பதினேழு வருஷம் அவள்தான் என் வாய். கடையில் எனக்குத் தே ஓ ஐஸ், பாலில்லாத ஐஸ் டீ, சொல்வது அவள். பஸ் கண்டக்டரிடம் இறங்குமிடம் சொல்வது அவள். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் மட்டும் அவள் வர முடியாது. வந்திருந்தால் என் பாவங்களையும் அவளே சொல்லி முடித்திருப்பாள்.

அவள் தங்கம். சந்தேகமே இல்லை. ஆனால் நான் "கோ..." என்று ஆரம்பித்தால் "கோழி" என்று முடிப்பாள். நான் சொல்ல வந்தது கோயிலுக்குப் போகலாம் என்பது. கோயிலுக்குப் போகாமல் கோழி தின்றுவிட்டு வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனையோ! சண்டை போடலாம்தான். சண்டைக்கும் வார்த்தை வேண்டுமே!

தொண்ணூற்று ஏழில் துன் சம்பந்தன் சாலையில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில், சைபர் கபே திறந்தார்கள். எனக்கு ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. யாரோடும் பேச வேண்டாம் என்பதற்காகவே தேடிப் பிடித்த வேலை. என் விரல்கள் பறக்கும். ஒருநாள் வேலை முடிந்து சும்மா வேடிக்கை பார்க்க ஏறினேன். முன் பின் தெரியாதவர்கள் ஒரே திரையில் உட்கார்ந்து, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அடித்தேன். ஐயோ, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! ஒருவன் ஏதோ கிண்டல் செய்தான். அவன் அடுத்த வரி அடிப்பதற்குள் மூன்று வரி திருப்பிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு சண்டையில் நான் ஜெயித்தேன்.

"யாரு லா இது, எக்ஸ்பிரஸ் மாதிரி போவுது!" என்று ஒருத்தி அடித்தாள். அன்றிலிருந்து அங்கே என் பெயர் எக்ஸ்பிரஸ். பெயர் வைத்தவள், முருங்கை.

முருங்கையின் சொந்தப் பெயர் ரமணி. கிள்ளானில் வீடு. யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். "ஒல்லியா உயரமா இருப்பேன், அதான் முருங்கை" என்று முதல் வாரமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். என் பெயரைக் கேட்டாள். சிரிக்காதீர்கள், என் விரலும் நின்றுவிட்டது! வாய்க்குப் பழகிய பயம் விரலுக்கும் இறங்கிவிட்டது. "எக்ஸ்பிரஸ்னே கூப்பிடு" என்று அடித்தேன்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, "முருங்கை வந்தாச்சு. எக்ஸ்பிரஸ் எங்க?" என்று வரும். நான் "எக்ஸ்பிரஸ் பேசுறேன்" என்று அடிப்பேன். பேசுறேன்! அந்த வார்த்தையை அடிப்பதற்காகவே ஆபீசிலிருந்து ஓடி வருவேன். எட்டு மாதம் என்னென்னவோ பேசினோம். அவள் அம்மா அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளைகளைப் பற்றி, என் மேனேஜரின் வாசனைத் தைலத்தைப் பற்றி, சாகிறதைப் பற்றிக்கூட. நான் ஒன்றைச் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே வரமாட்டாள். நீளமாக எதையாவது அடிக்கும்போது திரை சும்மா இருக்கும். அந்தப் பக்கம் அவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

சாந்தமேரிக்கு இது அடியோடு பிடிக்கவில்லை.

"கம்ப்யூட்டர் கூட்டாளி எல்லாம் ஒரு கூட்டாளியா? உனக்குக் காய்ச்சல் வந்தா கஞ்சி கொண்டு வருவாளா? அது பொம்பளையே இல்ல பாரு, எவனோ கிழட்டு அங்கிள்."

என்னிடம் பதில் இருந்தது. 'கஞ்சி கொண்டு வரமாட்டா. ஆனா நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் இருப்பா.' அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். "தெரியும், தெரியும், சும்மா பொழுதுபோக்குன்னுதானே சொல்ல வர்றே" என்று சாந்தமேரி முடித்துவிட்டாள்.

பிப்ரவரியில் ரமணிக்கு வேலை உத்தரவு வந்தது. கடல் தாண்டி சபா மாநிலத்தில், தாவாவ் பக்கம் ஏதோ ஒரு கம்பத்து, அதாவது குக்கிராமத்துப் பள்ளிக்கூடம். "கரண்டே ஜெனரேட்டர்ல ஓடுதாம். கம்ப்யூட்டருக்கு எங்க போவேன்? ஞாயித்துக்கிழமை பிளைட். அதுக்குள்ள உன்னைப் பார்த்தே ஆவணும். இல்ல, போன் நம்பர் கொடு" என்று அடித்தாள்.

எங்கள் வீட்டில் போன் இல்லை என்று எட்டு மாதமாகப் புளுகியிருந்தேன். ஹாலில் பச்சைக் கலரில் ஒன்று உட்கார்ந்துதான் இருக்கிறது. திக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை நான் அவளிடம் அடித்ததில்லை. அவளுக்குத் தெரிந்த எக்ஸ்பிரஸ் பட்பட்டென்று பேசுகிறவள். நேரில் என் முதல் வார்த்தையைக் கேட்டதும் ஒரு முகம் வரும் பாருங்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். தலை ஒரு பக்கம் சாயும். கண் கனிந்துவிடும். அப்புறம் குழந்தையிடம் பேசுவதுபோல மெல்ல மெல்லப் பேசுவார்கள். அந்த முகத்தை ரமணியும் காட்டிவிட்டால், அவள் தாவாவுக்குப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? என் எக்ஸ்பிரஸ் அன்றோடு செத்தாள்.

ஆனாலும் அவளைப் பார்க்கவேண்டும் என்று ஆசை! அன்று முழுக்க டைப் அடித்ததெல்லாம் தப்பு.

தைப்பூசத்தன்று பத்துமலையில் சந்திப்பதாக முடிவாயிற்று. நான் ஆபீசுக்கு லீவு போட்டேன். ரமணியின் அம்மா வேறெங்கும் அனுப்பமாட்டார், முருகனைப் பார்க்க என்றால் அனுப்புவார். அவர்கள் வீட்டில் வழக்கமாக ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலோடு சரி. பத்துமலைத் தைப்பூசத்துக்கு அவள் போனதே இல்லை. நானோ ஞானஸ்நானம் வாங்கியவள், நானும் போனதில்லை. இந்த லட்சணத்தில் இரண்டு பேரும் போட்ட திட்டத்தைக் கேளுங்கள்.

"காலையில ஒம்பது மணி. படிக்கட்டுல முதல் படி. என்னா கலர் போட்டு வருவே?" என்றாள்.

என்னிடம் ஈஸ்டருக்குத் தைத்த மஞ்சள் சுடிதார் இருந்தது. "பளீர் மஞ்சள். ஒரு மைல் தூரத்துலேருந்தே தெரியும்!" என்று அடித்தேன்.

"அட, நானும் மஞ்சள் சேலைதான்! அம்மா புதுசா வாங்கினது. சூப்பர் லா! பார்த்த உடனே கண்டுபிடிச்சிடலாம்!"

ஆளுக்குப் பத்து ஆச்சரியக்குறி வேறு போட்டுக்கொண்டோம். முன்னெச்சரிக்கையாக, தொண்டை கட்டியிருக்கிறது, பேச்சு சரியாக வராது என்றும் ஒரு பொய்யை அடித்துவைத்தேன். மிச்சத்தை சாந்தமேரி பார்த்துக்கொள்வாள். அவளும், "நான்தான் பேசப்போறேன், நீ சும்மா சிரி, போதும்" என்று கிளம்பிவிட்டாள். எவனோ கிழட்டு அங்கிளிடமிருந்து என்னைக் காப்பாற்றப் பெரிய குடை ஒன்றும் எடுத்துக்கொண்டாள்.

புடுராயா பஸ் நிலையத்தில் நின்றபோதே விஷயம் தெரிந்துவிட்டது. முன்னால் நின்ற குடும்பம், மஞ்சள். பின்னால் நின்ற ஆறு பேர், மஞ்சள். பஸ்ஸுக்குள் டிரைவரைத் தவிர மொத்தமும் மஞ்சள். சாந்தமேரி என் சுடிதாரைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள்.

"அலாமாக், டோரிஸ்! தைப்பூசத்துக்கு மஞ்சள் போட்டுக்கிட்டு வரேன், என்னைக் கண்டுபிடின்னா சொன்னே?" என்று சிரிக்க ஆரம்பித்தவள் பத்துமலை வரும்வரை நிறுத்தவில்லை. அவளைக் குடையாலேயே அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பத்துமலையில் இறங்கியதும் சிரிப்பு நின்றது. இத்தனை ஜனமா! உருமி மேளம் நெஞ்சுக்குள் இடிக்கிறது. காவடி காவடியாக ஆடிக்கொண்டு போகிறது. பால்குடம், சாம்பிராணிப் புகை, "வேல் வேல்" என்று கூவல். முதல் படியில் நிற்பதாவது! நின்றால் தூக்கிக்கொண்டுபோய் குகைக்குள் வைத்துவிடுவார்கள். ஒல்லியாக உயரமாக மஞ்சள் சேலையில் இருந்த எல்லாப் பெண்களையும் சாந்தமேரி தோளைத் தட்டித் தட்டிக் கேட்டாள். இருபது பேராவது இருக்கும். ஒருத்தியும் முருங்கை இல்லை. மணி பத்தாயிற்று. பத்தரை ஆயிற்று. வெயில் ஏற ஏற எனக்குத் தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது. அவள் வீட்டு விலாசம் தெரியாது. நம்பர் தெரியாது. அவளும் கடைசி வாரம் என்று கணினிப் பக்கம் வரமாட்டாள். இங்கே விட்டால் அவ்வளவுதான்.

"வா, அங்க கேப்போம்" என்று சாந்தமேரி என்னை இழுத்துக்கொண்டு போனது, காணாமல்போன பிள்ளைகளுக்கு மைக்கில் அறிவிப்புச் செய்கிற கூடாரத்துக்கு. கூட்டத்தைப் பிளந்து என்னைக் கொண்டுசேர்க்க அவள் ஒருத்தியால்தான் முடியும். ஓர் இடத்தில் என் துப்பட்டாவும் இன்னோர் இடத்தில் அவள் செருப்பு ஒன்றும் போயின. திரும்பிப் பார்க்கவில்லை.

கூடாரத்தில் கழுத்தில் துண்டோடு தம்புசாமி என்கிற அண்ணன் உட்கார்ந்திருந்தார். அழுகிற அம்மாக்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் மைக்கை நீட்டினார்.

"நீங்களே பேசுங்கம்மா. புள்ளைங்க எங் குரலுக்கு வராது, அம்மா குரலுக்குத்தான் வரும். தேடுறவங்கதான் பேசணும், இங்க அதான் வழக்கம்."

எங்கள் முறை வந்தது. சாந்தமேரி சட்டென்று மைக்கை வாங்கினாள்.

"கிள்ளான் ரமணி, கிள்ளான் ரமணி! நான் டோரிஸ் பேசுறேன். மேடைக்குப் பக்கத்துல இருக்கிற கூடாரத்துக்கு உடனே வா!"

ஒரு தடுக்கல் இல்லை. அவ்வளவு அழகாகச் சொன்னாள் என் பெயரை.

கால் மணி நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். முதலில் அறுபது வயதுப் பெரியவர் ஒருவர், "நாந்தாம்மா ரமணி. கிள்ளான் இல்ல, செமினி. பரவாயில்லையா?" என்றார். அடுத்தது இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் அக்கா. மூன்றாவதாக வந்த மொட்டைத்தலை ஆள் தன் பெயர் ரமணன் என்றும், கூப்பிட்டதுபோல இருந்ததால் எதற்கும் வந்து பார்த்ததாகவும் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரமணிக்கு டோரிஸ் யாரென்றே தெரியாதே! எவளோ டோரிஸ் எவளோ ரமணியைத் தேடுகிறாள் என்று அவள் எங்கேயோ நின்றுகொண்டிருப்பாள்.

சாந்தமேரியின் கையைப் பிடித்தேன். "எ... எ..."

"என்னா? எறங்கிப் போவோமா?"

தலையை ஆட்டினேன். "எ... எக்..."

"எக்கச்சக்கக் கூட்டம். தெரியும் லா."

இல்லை என்று காலால் தரையை மிதித்தேன். "எலந்தப்பழமா? எலுமிச்சை ஜூஸா? மயக்கம் வருதா?" பதினேழு வருஷமாக என் வார்த்தைகளை எல்லாம் முடித்தவளுக்கு இந்த ஒரு வார்த்தை தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவள் இல்லாத இடத்தில் எனக்குக் கிடைத்த பெயர் அது. அவள் கண்ணில் முதன்முறையாக ஒரு பயத்தைப் பார்த்தேன். எனக்கு அவள்மேல் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஆத்திரம்தான் ஜெயித்தது. மைக்கை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"மு..." என்றேன்.

ஒலிபெருக்கி அதை மலை முழுக்க எடுத்துக்கொண்டு போயிற்று. மு, மு, மு என்று சுண்ணாம்புப் பாறை திருப்பிச் சொன்னது. யாரோ சிரித்தார்கள். ஒரு பாட்டி "முருகாவா? அரோகரா!" என்றார். அவர் பின்னாலேயே நூறு பேர் "அரோகரா!" என்றார்கள். சாந்தமேரி மைக்குக்குக் கை நீட்டினாள். தோளால் தள்ளினேன். போகட்டும், இந்த உலகமே கேட்கட்டும்!

"மு... முருங்கை! கி... கி... கிள்ளான் முருங்கை! எ... எ... எக்... எக்ஸ்பிரஸ் பே... பேசுறேன்!"

எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. ஒரு காவடி முழுதாக எங்களைக் கடந்து போயிருந்தது. தம்புசாமி அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார். இன்னொரு வாட்டி சொன்னேன். இந்த முறை இன்னும் மோசம். மூன்றாவது தடவை ஆரம்பித்தபோது, கூடாரத்துக்கு முன்னால் கூட்டம் கலைந்தது. ஒல்லியாக, உயரமாக, கையில் மோர் பாக்கெட்டோடு, முந்தானை ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கமாக ஒருத்தி ஓடி வந்தாள். வந்த வேகத்தில் மோர் பாதி என் சுடிதாரில் கொட்டிற்று.

நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். எந்த நிமிஷம் தலை சாயும், எந்த நிமிஷம் கண் கனியும் என்று பார்த்தேன்.

அவள் மூச்சு வாங்க இடுப்பில் கை வைத்தாள்.

"ஏய்! உனக்குப் போய் எக்ஸ்பிரஸ்னு பேரு வெச்சேனே, என்னைச் செருப்பால அடிக்கணும் லா! இது கூட்ஸ் வண்டி! ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நின்னு நின்னு வருது!"

"ஏய், யாரைப் பார்த்து என்னா பேசுறே?" என்று சாந்தமேரி குடையோடு பாய்ந்தாள். அவளைப் பிடிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் கொட்ட. ஒன்றாம் வகுப்புக்கு அப்புறம் ஒருவர்கூட என் முகத்துக்கு நேரே என்னைக் கிண்டல் செய்ததில்லை. எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள், முன்னால் பரிதாபப்பட்டார்கள். இது என் முருங்கையேதான். தினமும் ஆறு மணிக்கு என்னை வைகிற அதே முருங்கை!

"போன் இல்லன்னியே, பொய்யா? தொண்டை கட்டுனதும் பொய்யா? இதுக்குத்தானா எல்லாம்? பைத்தியம்!" என்று என் தலையில் குட்டிவிட்டு, "சரி, இப்பவாவது பேரைச் சொல்லு. பேரு என்னா?" என்றாள்.

"டோ..." என்றேன்.

நின்றுவிட்டது. அதே இடம், ஒன்றாம் வகுப்பு முதல் நாள் நின்ற அதே இடம். மறுபடி "டோ..." என்றேன். பக்கத்தில் சாந்தமேரி மூச்சை இழுப்பது கேட்டது. வாயைத் திறந்துவிட்டாள்.

ரமணி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "விடு லா. அவ இன்னும் டைப் பண்ணிக்கிட்டிருக்கா."

சாந்தமேரி வாயை மூடினாள். மேளம் அடித்தது. அம்மாக்கள் அழுதார்கள். இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். எனக்கு அவசரமே இல்லை.

"டோ... டோ... டோரிஸ்."

"டோரிஸா?" ரமணி தலையில் அடித்துக்கொண்டாள். "மைக்குல கத்துன அந்த டோரிஸா? ஐயோ, எந்த ரமணியோ பாவம், வெயில்ல தொலைஞ்சு போயிட்டான்னு நான் அங்க நின்னு மோர் குடிச்சிக்கிட்டிருந்தேன் லா!"

மூன்று பேரும் கூடாரத்துக்கு வெளியே தள்ளப்பட்டு, ஒரு மரத்தடிக்கு வந்து விழுந்தோம். சாந்தமேரி ஒரு கால் வெறுங்காலோடு நின்றாள். குடையை மடக்கவும் மறந்துவிட்டாள்.

"பதினேழு வருஷம்" என்றாள் என்னிடம். குரல் என்னவோபோல் இருந்தது. "உன் பேரை நீ சொல்லி இன்னைக்குத்தான்டி கேக்குறேன்."

அவளுக்கு என்னவோ சொல்லவேண்டும் போலிருந்தது. பெரிதாக ஒன்றும் வரவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதுதான் ஞாபகம் வந்தது.

"ப... ப..." என்று ஆரம்பித்தேன்.

'ப' என்றால் பசிதான் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். சாந்தமேரி உதட்டைக் கடித்துக்கொண்டு, நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.